மார்க்டவுன் ஃபைல் எல்லாத்தையும் ஒரே மாதிரி ஃபார்மேட் பண்ண எந்த டூல் நல்லது? எம்கேடாக்ஸ் சைட், தமிழ் பக்கமும் உண்டு

மீனா_டாக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சில பேர் சேர்ந்து ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டோட டாக்குமெண்டேஷன் பார்த்துக்கிறோம். எல்லாமே மார்க்டவுன் ஃபைல்தான், கிட்ல இருக்கு, எம்கேடாக்ஸ் வச்சு சைட்டா பில்ட் ஆகுது, பாதிப் பக்கம் இங்கிலீஷ், பாதி தமிழ்.

பிரச்சனை என்னன்னா எழுதுற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழக்கம். ஒருத்தர் லிஸ்ட்டுக்கு `*` போடுறார், இன்னொருத்தர் `-` போடுறார், ஹெட்டிங்குக்கு சிலர் முன்னாடி `#` வைக்கிறாங்க, சிலர் கீழ `=====`னு கோடு இழுக்கிறாங்க, உள் லிஸ்ட்டுக்கு ஒருத்தர் ரெண்டு ஸ்பேஸ், ஒருத்தர் நாலு, ஒருத்தர் டேப். படிக்கிறவங்களுக்கு சைட்ல இதெல்லாம் தெரியாது, ஆனா ரிவ்யூ பண்றவங்களுக்கு நரகம். யாராவது ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி சேவ் பண்ணா அவங்க எடிட்டர் ஃபைல் முழுக்க ஸ்பேஸை மாத்தி வச்சிடுது, டிஃப்ல மேல இருந்து கீழ வரைக்கும் சிவப்பும் பச்சையுமா நிக்குது, நிஜமா மாறின வார்த்தை எதுன்னு தேடுறதுக்குள்ள ரிவ்யூ பண்ற ஆசையே போயிடுது.

ஆளாளுக்கு வேற வேற எடிட்டர், அதனால எடிட்டர் எக்ஸ்டென்ஷன் சரிப்படாது. கமாண்ட் லைன்ல ஓடணும், சிஐ-லயும் (புல் ரிக்வெஸ்ட் வந்தா தானா செக் பண்ற இடம்) அதே ஓடணும். எது நல்லது? தமிழ் எழுத்துல ஏதாவது கை வைக்குமான்னும் பயமா இருக்கு, அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

---

அருள்_ஜேஎஸ்

ப்ரெட்டியர் போதுங்க, ரொம்ப யோசிக்காதீங்க. 2017-ல ஜாவாஸ்க்ரிப்ட்டுக்குன்னு வந்தது, அதே வருஷம் 1.8 வெர்ஷன்ல மார்க்டவுனும் சேர்த்துட்டாங்க. `--ரைட்` ஃப்ளாக் போட்டு ஓட்டினா ஃபைலை அங்கேயே திருத்தி எழுதிடும், `--செக்` போட்டா எதையும் தொடாம சரியில்லாத ஃபைல் பேரை மட்டும் சொல்லிட்டு எர்ரர் கோடோட வெளிய வந்துடும், சிஐ-ல அது ஒண்ணு போதும், தப்பான ஃபார்மேட்ல வந்த புல் ரிக்வெஸ்ட் சிவப்பாயிடும்.

லிஸ்ட் எல்லாம் `-` ஆயிடும், கீழ கோடு போட்ட ஹெட்டிங் `#` ஆயிடும், சாய்வெழுத்துக்கு `*` போட்டிருந்தா `_` ஆயிடும், டேபிளோட `|` எல்லாம் நேரா நிக்கும். நம்பர் லிஸ்ட்ல முதல் ரெண்டு நம்பரைப் பார்க்கும், 1, 1னு இருந்தா எல்லாத்தையும் 1னே வைக்கும், 1, 2னு இருந்தா வரிசையா போட்டுக்கும். இன்னொரு விஷயம், மார்க்டவுன் உள்ள இருக்கிற ஜேசன், யாமல், ஜாவாஸ்க்ரிப்ட் கோட் பிளாக்கையும் சேர்த்து ஃபார்மேட் பண்ணும், சில இடத்துல வேணும்னே ஒழுங்கில்லாத கோட் காட்டியிருப்போம் இல்ல, அங்க அது வேண்டாம்னா எம்பெடெட் லாங்குவேஜ் ஃபார்மேட்டிங் ஆப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க.

செட்டிங் ரொம்ப கம்மி. அதுதான் இதுல எனக்குப் பிடிச்சதே, கோடா நட்சத்திரமான்னு டீம்ல சண்டை போட இடமே இல்ல, டூல் என்ன சொல்லுதோ அதான்.

இன்ஸ்டால் பண்றப்ப வெர்ஷனை அச்சு அசலா ஒண்ணுல நிறுத்தி வைங்க, அவங்க டாக்குமெண்டேஷன்லயே அப்படித்தான் சொல்றாங்க. சின்ன வெர்ஷன் மாற்றத்துல கூட ஃபார்மேட் மாறும், அப்புறம் உங்க மெஷின்ல பச்சை, சிஐ-ல சிவப்புன்னு வந்து நிக்கும்.

---

பைதான்_கதிர்

மீனா, அருள் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா நீங்க எம்கேடாக்ஸ்னு சொல்லியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைல பதிலே மாறிடுது. எந்த ஃபார்மேட்டர் அழகா பண்ணுதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, உங்க சைட் ஜெனரேட்டர் மார்க்டவுனை எப்படிப் படிக்குதோ அதே மாதிரி அந்த ஃபார்மேட்டரும் படிக்குதான்னு பார்க்கணும், மத்ததெல்லாம் அப்புறம்.

மார்க்டவுன்னா ஒரே ஒரு மொழி இல்ல. ஜான் க்ரூபர் 2004-ல வெளியிட்டப்ப ஒரு விளக்கப் பக்கமும் ஒரு பெர்ல் ஸ்க்ரிப்ட்டும்தான், மூலை முடுக்குல என்ன நடக்கணும்னு கறாரா எழுதி வைக்கல, ஒவ்வொருத்தரும் அவங்க புரிஞ்ச மாதிரி எழுதினாங்க. 2014-ல காமன்மார்க்னு ஒரு கறாரான ஸ்பெக் வந்துச்சு, கிட்ஹப் அதுக்கு மேல டேபிள், டாஸ்க் லிஸ்ட் எல்லாம் சேர்த்து 2017-ல தன்னோட ஸ்பெக்கை வெளியிட்டாங்க. இப்ப இருக்கிற ஃபார்மேட்டர் பெரும்பாலும் காமன்மார்க் வழிதான். எம்கேடாக்ஸ் பயன்படுத்துறது பைதான்-மார்க்டவுன்ங்கிற லைப்ரரி, அது காமன்மார்க் இல்ல, பழைய க்ரூபர் வழி. இங்கதான் உதைக்கும்.

முதல்ல உள் லிஸ்ட். பைதான்-மார்க்டவுன்ல உள்ள போற லிஸ்ட்டுக்கு நாலு ஸ்பேஸ் வேணும். ப்ரெட்டியர் டீஃபால்ட்டா `- ` போட்டு அதுக்கு நேர் கீழ ரெண்டு ஸ்பேஸ்ல உள் லிஸ்ட்டை வைக்கும். கிட்ஹப்ல பார்த்தா அருமையா இருக்கும், எம்கேடாக்ஸ்ல பில்ட் பண்ணா உள் லிஸ்ட் எல்லாம் வெளிய வந்து ஒரே தட்டா நிக்கும். எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது. முன்னாடி டேப் விட்த்தை 4னு வச்சா ப்ரெட்டியர் கோட்டுக்குப் பின்னாடியே கூடுதல் ஸ்பேஸ் விட்டு நாலுக்குக் கொண்டு வரும், அதை நம்பி நிறைய பேர் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, 3.4-ல அந்தக் கூடுதல் ஸ்பேஸை எடுத்துட்டாங்க. அதனால வெர்ஷன் ஏத்தினா உள் லிஸ்ட்டைக் கண்டிப்பா ஒருதரம் பார்க்கணும்.

ரெண்டாவது அந்த நோட், வார்னிங் பெட்டி எல்லாம், அதான் `!!!` போட்டு அடுத்த வரில நாலு ஸ்பேஸ் உள்ள தள்ளி எழுதுவோமே. காமன்மார்க் கண்ணுக்கு அது வெறும் ஒரு பத்தி, பத்தியோட ரெண்டாவது வரி முன்னாடி இருக்கிற ஸ்பேஸுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, அதனால ஃபார்மேட்டர் அந்த ஸ்பேஸைத் துடைச்சு எடுத்துடும். அவ்வளவுதான், பெட்டி உடைஞ்சு, உள்ள இருக்க வேண்டிய எழுத்து சைட்ல வெளிய சாதாரண வரியா வந்துடும்.

எம்டிஃபார்மேட்னு பைதான்ல ஒரு டூல் இருக்கு, உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். எம்கேடாக்ஸ் எப்படியும் பைதான், அதனால புதுசா நோட்.ஜேஎஸ் எல்லாம் போடத் தேவையில்ல. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச குணம், ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி வர்ற எச்டிஎம்எல்லையும் பின்னாடி வர்ற எச்டிஎம்எல்லையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கும், வித்தியாசம் வந்தா ஃபைலைத் தொடாம எர்ரர் சொல்லிடும். ஆனா ஒண்ணு, அது ஒப்பிடுறது காமன்மார்க் எச்டிஎம்எல், எம்கேடாக்ஸ் எச்டிஎம்எல் இல்ல. மேல சொன்ன `!!!` பெட்டி உடைஞ்சாலும் அந்த செக் பாஸ்தான் ஆகும், ஏன்னா காமன்மார்க் பார்வைல ரெண்டும் ஒண்ணுதான். அந்த செக் இருக்குன்னு நிம்மதியா இருந்துடக் கூடாது.

அதனால வெறும் எம்டிஃபார்மேட் பத்தாது, ப்ளக்இன் சேர்க்கணும். எம்டிஃபார்மேட்-எம்கேடாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, லிஸ்ட்டை நாலு ஸ்பேஸ்ல வைக்கும், பெட்டிகளையும் புரிஞ்சுக்கும். பக்கத்தோட தலைல `---` நடுவுல டைட்டில் அது இதுன்னு எழுதுவீங்களே, அதுக்கு ஃப்ரண்ட்மேட்டர் ப்ளக்இன். இது ரொம்ப முக்கியம், இல்லாம ஓட்டினா மேல இருக்கிற `---` ஒரு நீளமான அடிக்கோடா மாறிடும், நடுவுல இருக்கிற டைட்டில் வரி `##` போட்ட ஹெட்டிங்காவே ஆயிடும். டாஸ்க் லிஸ்ட்டும் அதே கதை, கிட்ஹப் ஸ்டைல் ப்ளக்இன் இல்லன்னா `[ ]` முன்னாடி பேக்ஸ்லாஷ் போட்டு வச்சிடும்.

எதை எடுத்தாலும் சரி, ஒப்பிடுற வேலையை நீங்களே ஒருதரம் பண்ணுங்க. ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி எம்கேடாக்ஸ் பில்ட் போட்டு ஒரு ஃபோல்டர்ல வைங்க, ஃபார்மேட் பண்ணிட்டு இன்னொரு ஃபோல்டர்ல பில்ட் பண்ணுங்க, `-டி` ஆப்ஷன்ல ஃபோல்டர் பேர் குடுக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல `டிஃப் -ஆர்` ஓட்டுங்க. சைட்மேப்ல தேதி மாறியிருக்கலாம், அதை விட்டுடுங்க, மத்த இடத்துல லிஸ்ட்டோ பெட்டியோ மாறியிருந்தா ஒவ்வொண்ணையும் திறந்து பார்த்தே ஆகணும்.

---

மீனா_டாக்ஸ்

கதிர் அண்ணா, ரொம்ப நன்றி. ப்ரெட்டியரை ஒரு தனி பிராஞ்ச்ல ஓட்டி ரெண்டு பில்டையும் ஒப்பிட்டேன், நீங்க சொன்ன மாதிரியே உள் லிஸ்ட் எல்லாம் தட்டையாயிடுச்சு, இன்ஸ்டலேஷன் பக்கத்துல 'இதைப் பண்ணாதீங்க'ன்னு இருந்த வார்னிங் பெட்டியும் சாதாரண வரியாயிடுச்சு. யாரும் கவனிக்காம லைவ் போயிருந்தா படிக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம். அப்ப எம்டிஃபார்மேட் பக்கம்தான் போகப் போறேன்.

தமிழ் பத்தி யாரும் சொல்லலையே? டேபிள்ல தமிழ் இருந்தா இப்பவே எடிட்டர்ல `|` எல்லாம் கோணலாத்தான் நிக்குது. அப்புறம் ஒரு பக்கத்துல போல்டு போட்டா சில வார்த்தைக்கு மட்டும் போல்டு வராம நட்சத்திரம் அப்படியே தெரியுது, அது ஃபார்மேட்டரால சரியாகுமா?

---

செல்வி_யூனிகோட்

டேபிள் கோணலா நிக்கிறது எந்த ஃபார்மேட்டராலயும் முழுசா சரியாகாதுங்க, காரணம் சொல்றேன். 'கொக்கு'ன்னு எழுதினா நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோட்ல க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறின்னு ஆறு. டூல் ஒவ்வொண்ணும் இதை ஒவ்வொரு மாதிரி எண்ணும், சிலது ஆறுன்னு, சிலது புள்ளி மாதிரி தனி இடம் எடுக்காத குறியை விட்டுட்டு. அதுபோக மோனோஸ்பேஸ் ஃபான்ட்னு சொல்றதுலயே தமிழ் எழுத்து ஒரே அகலத்துல வர்றது அபூர்வம், 'ஔ'வும் 'ர'வும் எப்படி ஒரே அகலம் ஆகும்? டெர்மினல்ல ஒரு மாதிரி, எடிட்டர்ல ஒரு மாதிரி, கிட்ஹப் டிஃப்ல வேற மாதிரிதான் தெரியும். சைட்ல வர்ற டேபிளுக்கு இதனால ஒரு பாதிப்பும் இல்ல, கவலைப்படாதீங்க.

ஆனா `|`-ஐ நேரா நிறுத்துற பழக்கமே வேண்டாம்ங்கிறது என் கருத்து, தமிழ்ல மட்டும் இல்ல, எந்த மொழியிலயும். ஒரு வரில நீளமான வார்த்தை ஒண்ணு சேர்த்தா அந்த டேபிள்ல இருக்கிற எல்லா வரியும் ஸ்பேஸ் மாறி டிஃப்ல வந்து நிக்கும், நீங்க எதுக்காக இந்த வேலையை ஆரம்பிச்சீங்களோ அதுக்கே எதிர். உங்க டூல்ல டேபிளை நெருக்கமா வைக்க வழி இருந்தா அதை வச்சுக்குங்க. இல்லன்னா ரிவ்யூ பண்றப்ப `கிட் டிஃப் -டபிள்யூ`, ஸ்பேஸ் மாற்றத்தை மறைச்சிடும். ஹெட்டிங்குக்குக் கீழ இருக்கிற `---` வரி மட்டும் நீளம் மாறியிருந்தா அப்பவும் தெரியும், அது ஒரு வரிதானே, பரவால்ல.

போல்டு விஷயம் ஃபார்மேட்டர் பிரச்சனை இல்ல, மார்க்டவுன் விதியே அப்படி. தமிழ்ல நாம வேற்றுமை உருபை ஒட்டித்தான் எழுதுவோம். `**கோப்பு**களை`ன்னு எழுதினா போல்டு ஒழுங்கா வரும். `**கோப்பு (புதியது)**ஐ`ன்னு எழுதிப் பாருங்க, வராது. முடிக்கிற `**`-க்கு முன்னாடி நிறுத்தக்குறியோ அடைப்புக்குறியோ இருந்து, பின்னாடி ஸ்பேஸ் இல்லாம எழுத்து ஒட்டியிருந்தா, காமன்மார்க் விதிப்படி அது முடிக்கிற குறியே இல்ல. இங்கிலீஷ்ல அடைப்புக்குறிக்குப் பின்னாடி எழுத்தை ஒட்டுற பழக்கம் இல்லாததால அவங்களுக்கு இது கண்ணுல படுறதே கம்மி, சீன, ஜப்பானிய மொழில எழுதுறவங்க இதையே பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க. பைதான்-மார்க்டவுன் வேற விதி, அதனால உங்க சைட்ல ஒழுங்கா வந்து கிட்ஹப்ல பார்க்கிறப்ப மட்டும் நட்சத்திரம் தெரியலாம், எங்க தெரியுதுன்னு பாருங்க. சரி பண்ற வழி எளிசு, அடைப்புக்குறியை போல்டுக்கு வெளிய கொண்டு வாங்க, இல்ல உருபை உள்ள சேர்த்துடுங்க.

இதே காரணத்தால சாய்வெழுத்துக்கு `_` தமிழ்ல ஆபத்து. `_கோப்பு_களை`ன்னா வேலையே செய்யாது, வார்த்தை நடுவுல அடிக்கோட்டை மார்க்டவுன் குறியா எடுத்துக்காது. நட்சத்திரம் எடுத்துக்கும். அருள் சொன்ன ப்ரெட்டியர் `*`-ஐ `_` ஆக்குறது உண்மைதான், ஆனா பக்கத்துல எழுத்து ஒட்டியிருந்தா நட்சத்திரமாவே விட்டுடும், அந்த அளவுக்கு கவனமா பண்ணியிருக்காங்க. கையால எழுதுறவங்களுக்கு மட்டும் சொல்லி வைங்க, தமிழ்ப் பக்கத்துல எப்பவும் நட்சத்திரம்னு.

கூடவே ஒண்ணு. ஃபைல் பேரே தமிழ்ல வச்சிருந்தா `கிட் ஸ்டேட்டஸ்`ல `\340\256`னு ஏதோ நம்பரா வரும், ஃபார்மேட்டர் எந்த ஃபைலை மாத்துச்சுன்னே புரியாது. கிட் கான்ஃபிக்ல `கோர்.க்வோட்பாத்`-ஐ ஃபால்ஸ்னு வச்சா தமிழாவே காட்டும்.

---

மெர்ஜ்_மணி

டூல் எதுங்கிறதை விட அதை எப்படி உள்ள கொண்டு வர்றீங்கங்கிறதுலதான் டீம் உடையும் இல்ல சேரும், பல ரெப்போல பார்த்துட்டேன்.

முதல்ல வரி மடிக்கிறது. 80 எழுத்துக்கு ஒருதரம் மடிக்கிற ஆப்ஷன் எல்லா டூல்லயும் இருக்கும், தயவு செஞ்சு தொடாதீங்க. ஒரு பத்தி நடுவுல ஒரு வார்த்தை சேர்த்தா அந்தப் பத்தி கடைசி வரைக்கும் எல்லா வரியும் நகரும், அதுதான் இருக்கிறதுலயே பெரிய டிஃப் குப்பை. தமிழ்ல இன்னும் மோசம், செல்வி சொன்ன மாதிரி குறியெல்லாம் தனியா எண்ணுற டூல்ல 80ன்னு போட்டா கண்ணுக்கு அம்பது எழுத்துல கூட மடிஞ்சிடும். எம்டிஃபார்மேட்ல ராப் ஆப்ஷன் கீப், ப்ரெட்டியர்ல ப்ரோஸ் ராப் ப்ரிசர்வ், ரெண்டுலயும் டீஃபால்ட்டே அதுதான், எழுதினவர் எங்க வரி உடைச்சாரோ அங்கேயே இருக்கும். அதுக்கு மேல ஒரு பழக்கம் மட்டும் டீமுக்குச் சொல்லிக் குடுங்க, ஒரு வாக்கியம் முடிஞ்சா என்டர் தட்டிட்டு அடுத்ததை எழுதுங்கன்னு. சைட்ல பத்தி ஒண்ணாத்தான் வரும், ஆனா டிஃப்ல எந்த வாக்கியம் மாறுச்சோ அது மட்டும் தெரியும், மொழிபெயர்ப்பு பண்றவங்களுக்கு இங்கிலீஷ்ப் பக்கத்துல எந்த வாக்கியம் மாறியிருக்குன்னு வரி வரியா கண்டுபிடிக்க இதை விட நல்ல வழி கிடையாது. மெதுவா, தொடுற பக்கத்துல மட்டும் இப்படி மாத்திக்கிட்டே வந்தா போதும், ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்த வேண்டாம்.

வரி கடைசில ரெண்டு ஸ்பேஸ் விட்டா லைன் ப்ரேக்னு ஒரு விதி இருக்கில்ல, முகவரி மாதிரி இடத்துல எல்லாரும் அதைப் பயன்படுத்துவாங்க. நிறைய எடிட்டர் சேவ் பண்றப்ப கடைசி ஸ்பேஸை அழிச்சிடும், முகவரி ஒரே வரியா ஓடிடும், யாருக்கும் தெரியாது. எம்டிஃபார்மேட் அதை வரி கடைசில ஒரு பேக்ஸ்லாஷா மாத்திடும், கண்ணுக்குத் தெரியும், எந்த எடிட்டரும் அழிக்காது. கிட்ஹப்ல இது சரியா வரும், பைதான்-மார்க்டவுன்ல பேக்ஸ்லாஷ் லைன் ப்ரேக் தானா வேலை செய்யாது, அதனால அப்படி இருக்கிற பக்கத்தை எல்லாம் கதிர் சொன்ன பில்ட் ஒப்பீட்டுல கண்ணு வச்சுப் பாருங்க. அந்த மாதிரி இடத்துக்கு `<பிஆர்>` டேக் எச்டிஎம்எல்லாவே போட்டுட்டா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி.

இப்ப அந்தப் பெரிய கமிட். எல்லா ஃபைலையும் ஃபார்மேட் பண்ற கமிட்ல வேற ஒரு எழுத்து கூட மாறக்கூடாது, ஒரு எழுத்துப்பிழை கண்ணுல பட்டாலும் அடுத்த கமிட்ல பண்ணுங்க. அந்த கமிட்டோட ஹேஷை `.கிட்-ப்ளேம்-இக்னோர்-ரெவ்ஸ்`ங்கிற ஃபைல்ல எழுதி ரெப்போலயே வைங்க. கிட் ப்ளேம், அதாவது எந்த வரியை யார் எழுதினாங்கன்னு காட்டுறது, அந்த ஃபைல்ல இருக்கிற கமிட்டைக் கணக்குல எடுக்காம விட்டுடும். கிட் 2.23-ல இருந்து இந்த வசதி இருக்கு, ஒவ்வொருத்தர் மெஷின்லயும் `ப்ளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்`னு கான்ஃபிக்ல ஒருதரம் சொல்லணும், கிட்ஹப்போட ப்ளேம் பக்கம் அந்தப் பேர்ல ஃபைல் இருந்தா தானாவே எடுத்துக்கும். இல்லன்னா எல்லா வரியும் நீங்க எழுதினதா காட்டும், பல வருஷமா எழுதினவங்க பேரெல்லாம் மறைஞ்சு போகும். ஓப்பன் சோர்ஸ்ல ஒருத்தர் உழைப்புக்கு இருக்கிற அடையாளமே அந்தப் பேருதான், அதைக் காப்பாத்தணும்.

திறந்திருக்கிற புல் ரிக்வெஸ்ட்டை முடிஞ்ச வரைக்கும் முன்னாடியே மெர்ஜ் பண்ணிடுங்க. நிக்கிறதுக்கு மட்டும் இப்படிப் பண்ணுங்க: அந்த பிராஞ்ச்ல முதல்ல ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தின கமிட்டை மெர்ஜ் பண்ணுங்க, அப்புறம் அதே டூலை அதே வெர்ஷன்ல பிராஞ்ச்ல ஓட்டி கமிட் பண்ணுங்க, கடைசியா ஃபார்மேட் கமிட்டை `-எஸ் அவர்ஸ்` ஸ்ட்ராட்டஜில மெர்ஜ் பண்ணுங்க. ஃபார்மேட்டால கான்ஃப்ளிக்ட் ஒண்ணு கூட வராது. பங்களிக்கிறவரை இதைப் பண்ணச் சொல்லாதீங்க, மெயின்டெய்னரா நீங்களே பண்ணிக் குடுங்க.

---

நிலா_கியூஏ

ஒரு சின்ன சேர்க்கை. மார்க்டவுன்லின்ட்டை யாரும் சொல்லல. அது ஃபார்மேட்டர் இல்ல, தப்பைச் சுட்டிக் காட்டுறது, ஆனா ஃபார்மேட்டர் கண்டுக்காத விஷயத்தைப் பிடிக்கும். எம்டி001 ஹெட்டிங் லெவல் தாண்டுறதை, எம்டி040 கோட் பிளாக்குக்கு மொழி பேர் போடாததை, எம்டி024 ஒரே ஹெட்டிங் ரெண்டு தரம் வர்றதை. ஹெட்டிங் லெவல் வெறும் அழகு விஷயம் இல்ல, ஸ்க்ரீன் ரீடர் வச்சுப் படிக்கிறவங்க ஹெட்டிங்கைப் பிடிச்சுத்தான் பக்கத்துல நகருவாங்க, ரெண்டுல இருந்து நாலுக்குத் தாவினா நடுவுல ஏதோ விட்டுப்போச்சுன்னு தேடுவாங்க.

எம்டி013 வரி நீளம், அதை முதல் வேலையா ஆஃப் பண்ணுங்க, தமிழ்ப் பக்கத்துல வரிக்கு வரி கத்தும். எம்டி007 உள் லிஸ்ட் இன்டென்ட், டீஃபால்ட் ரெண்டு, உங்களுக்கு நாலுன்னு மாத்தணும், இல்லன்னா ஃபார்மேட்டர் ஒண்ணு சொல்லும், லின்டர் வேற சொல்லும், நடுவுல எழுதுறவங்க மாட்டிக்குவாங்க. `--ஃபிக்ஸ்` ஆப்ஷன் இருக்கு, ஆனா ஃபைலைத் திருத்துற உரிமை எம்டிஃபார்மேட்டுக்கு மட்டும் குடுங்க. ரெண்டு டூல் ஒரே ஃபைலைத் திருத்தினா ஒண்ணு பண்ணதை இன்னொண்ணு மாத்திக்கிட்டே இருக்கும்.

---

அருள்_ஜேஎஸ்

கதிர் சொன்னது சரிதான், நான் டோக்யூசாரஸ்னு இன்னொரு சைட் ஜெனரேட்டரை மனசுல வச்சு சொன்னேன், அங்க ப்ரெட்டியர் நல்லாவே ஒத்துப்போகும். எம்கேடாக்ஸ்னா எம்டிஃபார்மேட்டே போங்க மீனா. பைதான்-மார்க்டவுனை ரெண்டு ஸ்பேஸ் லிஸ்ட்டைப் படிக்க வைக்க எம்டிஎக்ஸ் ட்ரூலி சேன் லிஸ்ட்ஸ்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, லிஸ்ட் பிரச்சனை தீரும், ஆனா பெட்டிப் பிரச்சனை அப்படியேதான் இருக்கும். ப்ரெட்டியரே வேணும்னு இருக்கிறவங்க பெட்டி வர்ற இடத்துக்கு முன்னாடி பின்னாடி ப்ரெட்டியர் இக்னோர் ஸ்டார்ட், எண்ட்னு எச்டிஎம்எல் கமெண்ட் போட்டுக் காப்பாத்தலாம், பக்கத்துக்குப் பக்கம் பெட்டி இருந்தா அது பெரிய தொல்லை.

---

மீனா_டாக்ஸ்

எல்லாருக்கும் மனசார நன்றி. எம்டிஃபார்மேட், எம்கேடாக்ஸ் ப்ளக்இன், ஃப்ரண்ட்மேட்டர் ப்ளக்இன், ராப் கீப்னு முடிவு பண்ணி டீம்லயும் பேசிட்டோம். பில்ட் ஒப்பீட்டுல முகவரி இருந்த ஒரு பக்கமும் லிஸ்ட் நடுவுல கோட் பிளாக் இருந்த சில பக்கமும்தான் மாறுச்சு, அதை ஃபார்மேட்டுக்கு முன்னாடியே தனி கமிட்ல கையால சரி பண்ணிட்டோம், இப்ப ரெண்டு பில்டும் ஒண்ணா வருது. போல்டு பிரச்சனையும் செல்வி அக்கா சொன்ன அதே அடைப்புக்குறிதான், கிட்ஹப்ல பார்க்கிறப்ப மட்டும்தான் வந்திருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. ப்ளக்இன் ஒருத்தர் மெஷின்ல இருந்து இன்னொருத்தர்கிட்ட இல்லன்னா என்ன ஆகும்? அப்புறம் எங்க மொழிபெயர்ப்பாளர்கள் நிறைய பேர் டெர்மினலே திறக்க மாட்டாங்க, கிட்ஹப் வெப்சைட்லயே பென்சில் ஐகானை அழுத்தி எடிட் பண்றவங்க, அவங்களை என்ன பண்றது?

---

பைதான்_கதிர்

ப்ளக்இன் இல்லாத மெஷின்ல ஓட்டினா முதல்ல சொன்னேனே, டைட்டில் வரி ஹெட்டிங்கா மாறுறது, அதேதான் நடக்கும். அதனால யாரையும் தனியா இன்ஸ்டால் பண்ணச் சொல்லாதீங்க, ப்ரீ-கமிட் ஃப்ரேம்வொர்க் வழியா மட்டும் ஓடட்டும், கமிட் பண்றப்ப டூலை தானா ஓட்டுற ஹூக்கை அது பார்த்துக்கும். அதோட யாமல் ஃபைல்ல எம்டிஃபார்மேட்டோட வெர்ஷனையும், அடிஷனல் டிபெண்டன்சீஸ்னு ஒரு இடம் இருக்கும் அதுல ப்ளக்இன் எல்லாத்தையும் வெர்ஷனோட எழுதிட்டா, அது தனி என்விரான்மென்ட் போட்டு எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி ஓட்டும். தானா உருவாகுற சேஞ்ச்லாக் மாதிரி ஃபைல் இருந்தா அங்கேயே எக்ஸ்க்ளூட் பண்ணிடுங்க. சிஐ-லயும் அதே ப்ரீ-கமிட்டை `--ஆல்-ஃபைல்ஸ்` போட்டு ஓட்டுங்க, ரெண்டு இடத்துல ரெண்டு செட்டிங் வேண்டாம்.

ஒண்ணு மட்டும் கான்ட்ரிபியூட்டிங் பக்கத்துல எழுதி வைங்க: ஹூக் ஃபைலை மாத்துச்சுன்னா அந்த கமிட் நின்னுடும், பார்க்கிறவங்க எதோ உடைஞ்சிடுச்சுன்னு பயப்படுவாங்க. திரும்ப `கிட் ஆட்` பண்ணி கமிட் அடிச்சா போயிடும்.

வெப்ல எடிட் பண்றவங்களுக்கு ஹூக் ஓடாது. அவங்க புல் ரிக்வெஸ்ட் சிவப்பா நிக்கிறதைப் பார்த்து ஒதுங்கிடக் கூடாது, நல்லா தமிழ் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு ஸ்பேஸ் கணக்குத் தெரிஞ்சிருக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல. ப்ரீ-கமிட் டாட் சிஐ-னு ஒரு சர்வீஸ் இருக்கு, ஓப்பன் சோர்ஸ் ரெப்போல சேர்த்தா புல் ரிக்வெஸ்ட்ல ஃபார்மேட் சரியில்லன்னா அதுவே திருத்தி ஒரு கமிட் போட்டுடும். அது வேண்டாம்னு நினைச்சா மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி நீங்களே அவங்க பிராஞ்ச்ல ஓட்டி புஷ் பண்ணிடுங்க, மெயின்டெய்னர் எடிட் பண்ணலாம்னு அந்த புல் ரிக்வெஸ்ட்ல டிக் இருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க.